காய்ச்சல் தொடங்கிய நாளைக் கலண்டரில் எழுதுங்கள்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்குகிற மாதிரி ஒருக்கால் சொல்லிவிடுகிறேன். வட்டக்கச்சிப் பக்கம் வீடு, ஐந்து பேர். ஏழு வயது மகன் பள்ளிக்கூடத்தில் இருந்து தடிமனும் காய்ச்சலுமாக வந்தான். இரண்டு நாளில் ஒன்றரை வயதுச் சின்னவனுக்கும் உங்களுக்கும் பிடித்தது. நேற்று விடியத் தொடங்கி மாமிக்கும் குளிர்காய்ச்சல், உடம்பு உளைவு, வறட்டு இருமல். மாமிக்கு அறுபத்தெட்டு வயது, சீனி வருத்தமும் இருக்கிறது. கணவர் வயலுக்குப் போய்வருகிறார், அவருக்கும் இன்று தலையிடியாம். பாமசியில் வைத்தியர் எழுதின துண்டு இல்லாமலே இரண்டு வகைக் குளிசை தந்திருக்கிறார்கள், ஒன்று அமொக்சிசிலின், மற்றது டைக்ளோபெனாக். இதையே எல்லாருக்கும் கொடுக்கலாமா, இது சும்மா சளிக்காய்ச்சல்தானா, இனி வராமல் இருக்க ஊசி இருக்கிறதாமே, அது எங்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரமானதை முதலில் சொல்கிறேன், மிச்சத்தைப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம். டைக்ளோபெனாக்கை ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம். அமொக்சிசிலினையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம். மாமியை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். இது இன்புளுவென்சா என்கிற வைரஸ் காய்ச்சல் போல இருக்கிறது. அவருக்குக் காய்ச்சல் தொடங்கி இன்னும் இரண்டு நாள் முடியவில்லை, அந்த இரண்டு நாளுக்குள் தொடங்கினால் நல்ல பலன் தருகிற மருந்து ஒன்று இருக்கிறது. போகும்போது கிளினிக் கொப்பியையும் அவர் குடிக்கிற குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

நான் இருபத்தேழு வருசம் தாதியாக இருந்தேன், அதில் பெரும்பகுதி வன்னியில்தான். காய்ச்சல்காரர் வந்து வாங்கில் இருந்தவுடன் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, இன்றைக்கு எத்தனையாம் நாள் என்பது. அநேகமானவர்கள் பக்கத்தில் நிற்கிறவரின் முகத்தைப் பார்ப்பார்கள். முந்தநாள் என்று தாய் சொல்லுவா, இல்லை, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த இரவே உடம்பு சுட்டது என்று அம்மம்மா சொல்லுவா. அந்த ஒரு நாள் வித்தியாசத்தில் எந்த மருந்து, எந்த இரத்தப் பரிசோதனை, வீட்டுக்கு விடுவதா வாட்டில் மறிப்பதா என்பதெல்லாம் மாறும். அதனால்தான் நான் போகிற வீடெல்லாம் சொல்லுவது, சுவரில் தொங்குகிற கலண்டரில் அந்தத் திகதிக்குப் பக்கத்தில் ஆளின் பெயரையும் காய்ச்சல் தொடங்கிய நேரத்தையும் பேனையால் எழுதுங்கள் என்று. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் தொடங்கவில்லை, எழுதாமல் விட்டால் நாளைக்கே குழம்பிவிடும்.

சரி, இது சும்மா சளிக்காய்ச்சலா என்ற கேள்வி. தடிமன் மெல்ல வரும். மூக்கு ஓடும், தும்மல் வரும், தொண்டை கரகரக்கும், ஆள் வேலை செய்துகொண்டே திரிவார். இன்புளுவென்சா அப்படி வராது. காலையில் முற்றம் கூட்டின ஆள் மத்தியானம் பாயில் கிடப்பார், எத்தனை மணிக்குக் குளிரத் தொடங்கியது என்றுகூடச் சொல்லுவார். கடும் காய்ச்சல், நாரியும் கால்களும் முறிந்த மாதிரி நோ, தலையிடி, வறட்டு இருமல். பிள்ளைகளுக்குச் சத்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்து வரலாம். வைரஸ் உடம்புக்குள் போய் ஒன்றில் இருந்து நான்கு நாளுக்குள் வருத்தம் தெரியும், பெரும்பாலும் இரண்டாம் நாள். வருத்தம் தெரிவதற்கு ஒரு நாள் முன்னரே அந்த ஆள் மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார், பிறகு ஐந்து ஏழு நாள் வரைக்கும் பரப்புவார், சின்னப்பிள்ளைகள் அதைவிடக் கூட நாள். உங்கள் மகன் பள்ளிக்கூடத்தில் வாங்கி இரண்டு நாளில் வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்த விதம் அப்படியே இன்புளுவென்சாவின் நடை.

இதில் ஏ, பி என்று இரண்டு வகைதான் மனிதருக்குப் பருவகாலத்தில் பெரிதாக வருவது. 2009இல் பன்றிக்காய்ச்சல் என்று உலகமே பயந்த எச்1என்1, இப்போது வருசாவருசம் சுற்றுகிற சாதாரண ஏ வகைகளில் ஒன்று. எச்3என்2 இன்னொன்று. இலங்கையில் இந்தக் காய்ச்சலுக்கு வருசத்தில் இரண்டு பருவம் இருக்கிறது, ஏப்ரலில் இருந்து ஜூன் வரை ஒன்று, நவம்பரில் இருந்து ஜனவரி வரை மற்றது. முதலாவது சித்திரை வருசத்துப் பயணங்களோடும் வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலோடும் வரும். இரண்டாவது எங்கள் மாரிமழையோடு வரும், அதுதான் வன்னிக்குப் பொல்லாதது. ஏனென்றால் அதே மழைக்குள்தான் டெங்குவும் எலிக்காய்ச்சலும் வருகின்றன. மூன்றுக்கும் முதல் இரண்டு நாள் கிட்டத்தட்ட ஒரே முகம்: காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு. பெரிய டொக்டர்களே பார்த்தவுடன் பிரித்துச் சொல்லமாட்டார்கள். அப்படியிருக்க, பாமசியில் நிற்கிற பிள்ளை எப்படிச் சொல்லும்?

இப்போது அந்த முதல் இரண்டு நாள் மருந்து. பெயர் ஒசெல்டாமிவிர், டாமிபுளூ என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். வைரஸ் ஒரு கலத்தில் இருந்து வெளியேறி அடுத்த கலத்துக்குப் பரவுவதைத் தடுக்கிறது, அதனால்தான் பரவி முடிவதற்குள், 48 மணித்தியாலத்துக்குள், தொடங்கினால் பலன் அதிகம். பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு தரம், ஐந்து நாள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், ஆகவே வைத்தியர் எழுதாமல் குடிக்கக் கூடாது. சாப்பாட்டோடு குடித்தால் சத்தி குறையும். எல்லாருக்கும் இது தேவையில்லை. சுகதேகியான இளவயது ஆளுக்கு ஒரு நாள் முந்திச் சுகம் வரும், அவ்வளவுதான். ஆனால் 65 வயதைத் தாண்டினவர்கள், இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கர்ப்பிணிகள், சீனி, இருதய, சிறுநீரக வருத்தக்காரர், முட்டு இழுப்பு உள்ளவர்கள், இவர்களுக்குத் தேவையா என்று வைத்தியர் கட்டாயம் பார்க்க வேண்டும். இவர்களில் கடுமையாக வருத்தம் பிடித்தவர்களுக்கு இரண்டு நாள் கடந்த பிறகும் கொடுப்பதுண்டு. உங்கள் வீட்டில் மாமியும் சின்னவனும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் "காய்ச்சல் நேற்று விடிய ஐந்து மணிக்குத் தொடங்கினது, வீட்டில் ஏற்கனவே மூன்று பேருக்கு இதே இருமல் காய்ச்சல், மாமிக்குச் சீனி" என்று இந்த மூன்றையும் வாய்திறந்து சொல்லுங்கள். சனம் நிறைந்த நேரத்தில் சொல்லாத விசயம் கேட்கப்படாமலே போய்விடும்.

அடுத்தது மூன்றாம் நாள். காய்ச்சல் மூன்றாம் நாளும் நிற்காவிட்டால் இரத்தத்தில் முழுக் கணக்கு எடுக்க வேண்டும், எப்.பி.சி. என்று துண்டில் எழுதுவார்கள். கர்ப்பிணிகள், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், வயதானவர்கள், நாட்பட்ட வருத்தம் உள்ளவர்களுக்கு முதல் நாளே எடுப்பது நல்லது. இது டெங்குவுக்காக. இருமலும் மூக்கு ஓடுவதும் கூட இருந்தால் இன்புளுவென்சா பக்கம்தான் நாங்கள் சாய்வோம், கண்ணுக்குப் பின்னால் நோ, உடம்பில் சிவப்பு, சத்தி, வயிற்றுநோ என்றால் டெங்குவை யோசிப்போம், ஆனால் இதை வைத்து வீட்டில் தீர்ப்புச் சொல்ல ஏலாது. டெங்குவில் பயப்பட வேண்டிய நேரம் காய்ச்சல் இறங்குகிற நேரம். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் ஆள் சோர்ந்து கிடக்கிறார், வயிறு நோகிறது என்கிறார், கைகால் குளிர்ந்திருக்கிறது, சலம் போவது குறைந்துவிட்டது என்றால், நல்லாகி வருகிறார் என்று படுக்கவைக்காதீர்கள், உடனே கொண்டுபோங்கள்.

டைக்ளோபெனாக்கை நிறுத்தச் சொன்னது இதனால்தான். டைக்ளோபெனாக், இபுபுரோபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின், இவை எல்லாம் நோவையும் காய்ச்சலையும் சட்டென்று இறக்கும். சனத்துக்கு அதனால்தான் பிடிக்கும். அது டெங்குவாக இருந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசிய இவை வழிசெய்யும். பிள்ளைகளுக்குப் பின்பக்கமாக வைக்கிற டைக்ளோபெனாக்கும் இதே ஆபத்துத்தான், காய்ச்சலுக்கு அதைக் கேட்டு வாங்காதீர்கள். அஸ்பிரினை இன்புளுவென்சா வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் தாக்குகிற ரேய் நோய் வரலாம். இருதயத்துக்காக வைத்தியர் எழுதி அஸ்பிரின் குடிக்கிற பெரியவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கேளுங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் இன்னதென்று பிடிபடாத சிறுநீரக வருத்தம் எத்தனை விவசாயிகளுக்கு இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். வெயிலில் நீர் வற்றி வேலை செய்த உடம்பில், காய்ச்சலால் இன்னும் நீர் வற்றியிருக்கும்போது இந்தக் குளிசைகள் போனால் சிறுநீரகம் தாங்காது. ஒருமுறை நான்காம் நாள் ஒரு ஐயாவைக் கொண்டுவந்தார்கள், மூன்று நாளும் நாரிநோவுக்கென்று இப்படிக் குளிசைதான் குடித்திருக்கிறார், துண்டு இல்லாமல் வாங்கினது. முதல் நாளில் இருந்தே சலம் குறைவாகப் போயிருக்கிறது, அவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினோம், ஆனால் சிறுநீரகம் பழையபடி வரவில்லை. அன்றிலிருந்து இந்தக் குளிசையைக் கண்டாலே எனக்கு மனம் பதறும்.

காய்ச்சலுக்குப் பனடோல் போதும், பரசிட்டமோல் என்ற எந்தப் பெயரில் வந்தாலும் சரி. கணக்கு உடம்பு நிறையில் இருக்கிறது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், நாளைக்கு நான்கு தரத்துக்கு மேல் இல்லை. சின்னவன் பத்துக் கிலோ என்றால் ஒரு தரத்துக்கு 100 முதல் 150 மில்லிகிராம். பாணிப் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் 5 மில்லிலீற்றர் சரி. வேறு அளவுப் போத்தல்களும் வருகின்றன, ஆகவே லேபிளைப் பாருங்கள், வீட்டுக் கரண்டியால் அளக்காமல் போத்தலோடு வருகிற மூடியாலோ சிரிஞ்சாலோ அளவுங்கள். ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட ஆளுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு. மாமி மெலிந்தவர் என்றால், நாற்பது கிலோ சொச்சம் என்றால், ஒரு தரத்துக்கு ஒன்று போதும். தடிமனுக்கென்று விற்கிற கலவைக் குளிசைகளிலும் பரசிட்டமோல் இருக்கும், இரண்டையும் சேர்த்துக் குடித்தால் ஈரலுக்குக் கூடாது. காய்ச்சல் ஒரேயடியாக இறங்கவில்லை என்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கொடுக்கிற தாய்மாரைக் கண்டிருக்கிறேன். 39இல் இருந்து 38க்கு இறங்கி, பிள்ளை கண் திறந்து தண்ணீர் கேட்டால் மருந்து வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

அமொக்சிசிலின் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அது பற்றீரியாவுக்கு, இது வைரஸ். இன்புளுவென்சாவுக்குப் பிறகு நிமோனியா, அதாவது நுரையீரலில் கிருமி பிடிக்கிற வருத்தம், வந்தால் அப்போது தேவைப்படும். அதை அறிகிற அடையாளம் ஒன்று சொல்கிறேன்: காய்ச்சல் நான்காம் ஐந்தாம் நாள் குறைந்து, ஆள் எழும்பி நடமாடி, பிறகு திரும்பவும் காய்ச்சல் ஏறி, சளி மஞ்சளாகவோ துருநிறமாகவோ வந்து, மூச்சு எடுக்க நெஞ்சு குத்தினால் அது இரண்டாம் வருத்தம். இதைப் பிடிக்கவும் கலண்டர் உதவும்.

கணவரின் தலையிடிக்கு வருகிறேன். வீட்டில் எல்லாருக்கும் சளிக்காய்ச்சல், அவருக்கும் அதுதான் என்று நினைப்பது இயல்பு, பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அவர் சேற்று வயலில் நிற்கிற ஆள். 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் காய்ச்சலில் அடுத்தடுத்துச் சிலர் இறந்தபோது முதலில் என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் சனம் கலங்கியது, பரிசோதித்தபோது எலிக்காய்ச்சல், எலியின் சலம் கலந்த சேற்றுத் தண்ணீரால் வருவது. அவருக்கு இருமலோ தடிமனோ இல்லாமல் காய்ச்சல் மட்டும் ஏறினால், கண் வெள்ளை சிவந்தால், கெண்டைக்காலை அமத்தினால் நோகிறது என்றால், சலம் குறைந்தால் அல்லது கடும் மஞ்சளாகப் போனால், மூன்றாம் நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வயலுக்குப் போகிறவர் என்ற ஒரு சொல்லை வைத்தியரிடம் சொல்ல மறக்காதீர்கள். காய்ச்சல் இல்லாமல் வெறும் தலையிடியோடு நின்றுவிட்டால் சந்தோசம், அப்போதும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) டொக்சிசைக்கிளின் பற்றிக் கேளுங்கள். வயல் வேலைக் காலத்தில் கிழமைக்கு ஒருக்கால் 200 மில்லிகிராம் குடிப்பது எலிக்காய்ச்சலைத் தடுக்கக் கொடுக்கப்படுவது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாகத் தருகிறார்கள். அது கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சின்னப்பிள்ளைகளுக்கும் உரியதல்ல.

இனி பிள்ளையின் மூச்சு. எனக்குத் தெரிந்தவற்றில் ஒன்றை மட்டும்தான் உங்களுக்குக் கற்றுத்தரலாம் என்றால் இதைத்தான் கற்றுத்தருவேன். சின்னவன் நித்திரையாகவோ, அழாமல் மடியில் அமைதியாகவோ இருக்கும்போது சட்டையை நெஞ்சு தெரிய மேலே தூக்குங்கள். விளக்கை அல்லது போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடியுங்கள், அப்போதுதான் அசைவு தெரியும். வயிறு ஒருக்கால் மேலே வந்து கீழே போனால் ஒன்று. போன் கடிகாரத்தில் முழுதாக ஒரு நிமிசம் எண்ணுங்கள், அரை நிமிசம் எண்ணி இரட்டிப்பது வேண்டாம், பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. ஒரு வயதில் இருந்து ஐந்து வயது வரை நிமிசத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமூச்சு. இரண்டு மாதத்தில் இருந்து ஒரு வயதுக்குள் 50, இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60. காய்ச்சல் கொதிக்கும்போது மூச்சும் கொஞ்சம் கூடும், எனவே பனடோல் கொடுத்துக் காய்ச்சல் இறங்கிய பிறகு இன்னொருக்கால் எண்ணுங்கள். அப்போதும் வேகம் என்றால் கொண்டுபோங்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே விலாவுக்குக் கீழே, நெஞ்சு முடிகிற இடம், மூச்செடுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே குழிந்து போகிறதா பாருங்கள். குழிந்தால் எண்ணி முடிக்கவும் தேவையில்லை, உடனே கொண்டுபோங்கள். உதடு நீலம், பால் குடிக்க ஏலாமை, எழுப்பினாலும் எழும்பாத சோம்பல், வலிப்பு, இவை எல்லாம் 1990க்கு அடிக்கிற விசயங்கள். சுவசரிய அம்புலன்ஸ் காசு எடுப்பதில்லை, உள்வீதி என்றால் சந்தியில் ஒருவரை டோர்ச்சோடு நிறுத்துங்கள்.

பெரியவர்களை உடனே கொண்டுபோக வேண்டிய அடையாளங்கள்: இரண்டு வசனம் சேர்த்துப் பேச மூச்சு இடம் கொடுக்கவில்லை, நெஞ்சு இறுக்கம், மாறாட்டமாகக் கதைப்பது, எழும்பி நிற்க ஏலாத அசதி. விரலில் மாட்டிப் பார்க்கிற கருவி யாரிடமாவது இருந்தால் ஒட்சிசன் 94க்குக் கீழே போகிறதா பாருங்கள். வயதானவர்களுக்குச் சிலவேளை காய்ச்சலே பெரிதாக இருக்காது, சாப்பாட்டை வேண்டாம் என்பதும் பெயர் மாறிக் கூப்பிடுவதும்தான் முதல் அடையாளமாக இருக்கும்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் இங்கே எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊர்களில் போரில் முதுகெலும்பில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழோ நெஞ்சுக்குக் கீழோ இயங்காமல் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள், நெஞ்சுக்குள் ஷெல் துண்டோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். காயம் மேலே ஏற ஏற இருமுகிற பலம் குறையும், சளியை அவர்களால் தள்ளி வெளியே எடுக்க ஏலாது. மற்றவருக்கு ஐந்து நாளில் போகிற காய்ச்சல் அவர்களுக்கு நிமோனியாவாக மாறுவது சுலபம். அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் முதல் நாளே வைத்தியரிடம் காட்டுங்கள், நிமிர்த்தி இருத்தி வையுங்கள், பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், பார்க்கப் போகிறவர்கள் தடிமனோடு போகாதீர்கள். அவர்கள் உதவி கேட்கத் தயங்குவார்கள், நாங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.

வீட்டு வைத்தியம் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிப்பது, மிளகும் உள்ளியும் போட்ட ரசம், கஞ்சி, இவற்றை நான் மனமாரச் சொல்லுவேன், வைரஸைக் கொல்லும் என்பதற்காக இல்லை, சூடாக உள்ளே போகிற ஒவ்வொரு கோப்பையும் தண்ணீர்தானே. இளநீரும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச்சீனித் தூளான ஜீவனியும் நல்லது, சத்தி வயிற்றோட்டம் இருந்தால் ஜீவனியைப் பைக்கற்றில் எழுதியிருக்கிற அளவு தண்ணீரில் கரையுங்கள், கண்ணளவில் கரைக்க வேண்டாம். சிறுநீரக வருத்தக்காரருக்கு மட்டும் இளநீர் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும், பொட்டாசியம் கூட. எங்கள் காட்டுத்தேன் இரவு இருமலுக்கு நல்ல சாமான், படுக்கிறதுக்கு முதல் ஒரு தேக்கரண்டி, சின்னவனுக்கு அரை. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒரு துளியும் கூடாது. மாமிக்கும் வேண்டாம். ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு மூக்கடைப்பைக் கொஞ்சம் இளக்கும். ஆனால் பிள்ளையைக் கொதிதண்ணீர்ச் சட்டிக்கு முன்னால் போர்வையால் மூடி இருத்தாதீர்கள், சட்டி சரிந்து தொடை வெந்து வந்த பிள்ளைகளுக்கு மருந்து கட்டின கை இது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இருமல் பாணியும் வேண்டாம். நீங்கள் பாலூட்டினால் நிறுத்தாதீர்கள், முகக்கவசம் போட்டு, கை கழுவி, கொடுத்துக்கொண்டே இருங்கள்.

மாமியின் சீனிக் குளிசை பற்றி ஒரு சொல். காய்ச்சலில் சீனி ஏறும், சாப்பிடாமல் இருந்தால் சில குளிசைகளால் சட்டென்று இறங்கியும் விடும். இன்சுலினையோ குளிசையையோ நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், ஒன்றும் சாப்பிடாத ஆளுக்கு வழக்கம்போலக் கொடுக்கவும் வேண்டாம். இன்று ஆஸ்பத்திரியில் இதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

வீட்டுக்குள் பரவுவதைக் குறைக்க இன்னும் நேரம் இருக்கிறது, கணவருக்கு இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லைத்தானே. மழைக்கும் நுளம்புக்கும் பயந்து யன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஒரே அறையில் ஐந்து பேர் படுப்பதுதான் மாரியில் நாங்கள் எல்லாரும் செய்வது. மழையில் நனைந்ததால் இந்தக் காய்ச்சல் வருவதில்லை, நனையாமல் இருக்க எல்லாரும் ஒரே காற்றை மூச்செடுத்துக்கொண்டு அடைந்து கிடப்பதுதான் வைரஸுக்கு வசதி. பகலில் மழை விடுகிற நேரமெல்லாம் எதிரெதிர் யன்னல் இரண்டைத் திறந்து வையுங்கள். நோயாளியை விறாந்தைப் பக்கம், நுளம்புவலைக்குள் படுக்க விடுங்கள், வலை டெங்குவுக்கும் உதவும். இருமுகிறவர் முகக்கவசம் போடுவது மற்ற நால்வரும் போடுவதைவிட நல்ல பலன் தரும். இந்த வைரஸ் கதவுக் கைபிடி, போன், பிளாஸ்ரிக் வாளி போன்ற வழுவழுப்பான சாமான்களில் ஒரு நாள் இரண்டு நாள் உயிரோடு இருக்கும், துணியில் எட்டுப் பத்து மணித்தியாலம். சவர்க்காரம் போட்டால் அதன் மேலுறை கொழுப்பு என்பதால் கரைந்துவிடும், 20 செக்கன் தேய்த்தால் சாதாரண உடுப்புச் சவர்க்காரமே போதும். ஆளுக்கொரு துவாய் வையுங்கள்.

மகனைப் பள்ளிக்கூடம் அனுப்புவது எப்போது என்றால், பனடோல் கொடுக்காமலே காய்ச்சல் இல்லாமல் முழுதாக ஒரு நாள் போன பிறகு. சோதனை நேரம், வரவு குறையும் என்றெல்லாம் பெற்றோர் கவலைப்படுவது விளங்குகிறது. ஆனால் சட்டர் பூட்டின பஸ்ஸிலும் நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பிலும் அவன் கொண்டுபோய்க் கொடுப்பது இன்னும் நாற்பது வீட்டு அம்மம்மாக்களுக்கு. செத்தவீடு, அந்தியேட்டி, திருவெம்பாவைப் பூசை, இவற்றுக்கும் அதே கணக்குத்தான். போகாவிட்டால் சனம் குறை நினைக்கும் என்று நினைக்காதீர்கள், ஒரு போன் எடுத்துச் சொல்லுங்கள். மார்கழியில் வெளிநாட்டில் இருந்து வருகிற உறவுகளுக்கும் சொல்ல வேண்டியதுதான், ஐரோப்பா, கனடாப் பக்கம் அது குளிர்கால இன்புளுவென்சாப் பருவம். விமானத்தில் இருந்து இருமலோடு இறங்கினால் ஒரு கிழமை கழித்து வயதான பெற்றோரைக் கட்டிப்பிடிக்கலாம்.

கடைசியாக ஊசி. இருக்கிறது. எங்கள் நாட்டுத் தேசிய தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, அதனால் மருத்துவிச்சியிடம் கிளினிக்கில் கேட்டால் கிடைக்காது, தனியார் ஆஸ்பத்திரிகளில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருசத்தில் இரண்டு தரம், பெப்ரவரியில் வடக்கு அரைக்கோளத்துக்கும் செப்ரெம்பரில் தெற்கு அரைக்கோளத்துக்கும், எந்த வகைகளைப் போட வேண்டும் என்று அறிவிக்கிறது, எனவே ஊசியும் வருசாவருசம் போட வேண்டியது. வைரஸ் வகை நன்றாகப் பொருந்திய வருசங்களில் வைத்தியரிடம் போக வைக்கிற அளவு வருத்தத்தை 40இல் இருந்து 60 வீதம் வரை குறைக்கிறது. கேட்கக் குறைவாகத் தெரியும், ஆனால் வந்தாலும் வாட் வரைக்கும் போகாமல் மறிப்பதுதான் மாமி போன்றவர்களுக்கு இதன் பெறுமதி. ஊசியால் காய்ச்சலே வந்தது என்று சிலர் சொல்லுவார்கள். அதற்குள் இருப்பது செத்த வைரஸின் துண்டுகள், அது இன்புளுவென்சாவைத் தராது, கைநோவும் ஒரு நாள் உடம்பு அலுப்பும் வரலாம். பலன் வர இரண்டு கிழமை எடுக்கும். ஆறு மாதம் முடிந்த பிள்ளையில் இருந்து போடலாம், ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதல் வருசம் நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு. கர்ப்பிணிகள் போட்டால் பிறக்கிற குழந்தைக்கும் முதல் மாதங்களுக்குப் பாதுகாப்புப் போகும், அந்த வயதில் குழந்தைக்கு ஊசி போட ஏலாது என்பதால் அது பெரிய விசயம்.

எல்லாருக்கும் போடக் காசு இல்லை என்றால் மாமிக்கு மட்டும் போடுங்கள், ஐப்பசி தொடக்கத்தில், மழைக்கு முன். வீட்டுக்கு வாங்கிவந்து வைக்கிற எண்ணம் வேண்டாம், 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் குளிரில் இருக்க வேண்டிய மருந்து அது. கரண்ட் நின்று போனால் வீணாகிவிடும். போடுகிற இடத்தில் திகதியைப் பார்த்து, அன்றைக்கே அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் காய்ச்சல் சுகமாகிய பிறகும் போடலாம், இப்போது வந்தது ஒரு வகை, ஊசி மூன்று வகைக்கு.

மாமியை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். சின்னவனின் மூச்சை இரவு படுத்த பிறகு எண்ணி, அந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், சாமம் என்றாலும் நான் பார்ப்பேன்.